எடுக்காத நான்கு ஆர்க்

"எடுத்தாச்சு அண்ணே, ஊத்துங்க."

ஒரு ஜனவரி மாத விடியற்காலையில் நான் சொன்னது இது. சொன்னது பொய். இந்த மூன்று சொற்களால் ஒரு பெண்ணின் ஆராய்ச்சிக் காலத்தில் 14 மாதங்கள் வீணாகப் போயின. இவ்வளவு நாள் இதை எழுதாமல் இருந்ததற்கு என்னிடம் நியாயமான காரணம் எதுவும் இல்லை.

நான் விண்மீன்களின் நிறமாலை எடுக்கிறவன். நான் வேலை செய்த மலையின் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. தவறு என்னுடையது, அந்த மலைக்கோ அங்கே இரவெல்லாம் கண்விழிக்கிறவர்களுக்கோ அதில் பங்கில்லை. விண்மீனின் எண்ணையும் விட்டுவிடுகிறேன். அதை எழுதினால் அந்தப் பெண் யாரென்று துறையில் உள்ள எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

எங்கள் விண்மீன் டெல்டா ஸ்கூட்டி வகையைச் சேர்ந்தது. சூரியனைவிட ஒன்றரை முதல் இரண்டரை மடங்கு வரை நிறை உள்ளவை இவை. சில பத்து நிமிடங்களிலிருந்து சில மணி நேரம் வரை ஆகும் கால அளவில் உப்பிச் சுருங்கிக்கொண்டே இருக்கும். உள்ளே ஹீலியம் அயனியாகும் அடுக்கு வெப்பத்தைப் பிடித்து வைப்பதும் விடுவதுமாக இருக்கிறது, அதுதான் துடிப்புக்குக் காரணம். ஒரே துடிப்பு என்றால் வேலை சுலபம். ஆனால் பத்து இருபது துடிப்புகள் ஒன்றின்மேல் ஒன்றாக ஓடும். அவற்றைப் பிரித்தெடுத்தால், கண்ணால் ஒருநாளும் பார்க்க முடியாத விண்மீனின் உட்பகுதியைப் பற்றிப் பேசலாம். நிலநடுக்க அலைகளை வைத்துப் பூமியின் உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்வதைப் போலத்தான் இதுவும்.

இந்தத் துடிப்புகளைப் பிரிக்க வானிலிருந்து பார்ப்பதற்கு ஈடு எதுவுமில்லை. 2006 டிசம்பரில் கோரோ, 2009 மார்ச்சில் கெப்ளர், 2018 ஏப்ரலில் டெஸ் என்று மூன்று விண்வெளித் தொலைநோக்கிகள் போயின. டெஸ் வானத்தின் ஒரு பகுதியை ஏறக்குறைய 27 நாள் தொடர்ந்து பார்க்கும். பகல் குறுக்கே வராது, மேகம் வராது. தரையிலிருந்து பார்க்கிறவர்கள் ஆசைப்படக்கூட முடியாத துல்லியம் அது. ஆனால் அது சொல்வது ஒன்றே ஒன்றுதான்: வெளிச்சம் எப்போது எவ்வளவு கூடியது, குறைந்தது. விண்மீன் எவ்வளவு சூடு, எவ்வளவு வேகமாகச் சுழல்கிறது, அதில் இரும்பும் கால்சியமும் எவ்வளவு, தனியா ஜோடியா என்பதையெல்லாம் தரையிலிருந்து எடுக்கும் நிறமாலைதான் சொல்ல வேண்டும். நாடி மட்டும் பார்த்துவிட்டு வைத்தியர் மருந்து எழுத மாட்டார். கண்ணின் கீழிமையை இழுத்துப் பார்ப்பார், நாக்கை நீட்டச் சொல்வார். அந்த இரண்டாவது வேலைதான் எங்களுடையது.

இது எவ்வளவு பெரிய வேலை என்பதற்கு எனக்கு மிகவும் பிடித்த சாட்சி எச்.டி. 50844 என்ற விண்மீன். கோரோ அதைப் பார்த்து, ஏறக்குறைய 1,000 அதிர்வெண்களைக் கொண்டுவந்தது. இத்தனை துடிப்பு ஒரே விண்மீனில் இருக்க முடியுமா என்று கேட்கத் தோன்றும். எனியோ பொரெட்டியும் உடன் உழைத்தவர்களும் 2009-இல் வெளியிட்ட கட்டுரை அதற்குப் பதில் சொன்னது. சிலியில் லா சியா மலையிலிருந்து ஃபெரோஸ் என்ற நிறமாலைமானியால் அதே விண்மீனை எடுத்திருந்தார்கள். நிறமாலையில் ஒவ்வொரு தனிமமும் தன் கறுப்புக் கோடுகளைப் பதிக்கும். அப்படி ஒரு கோட்டின் பள்ளத்துக்குள் சிறு சிறு மேடுகள் ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு நகர்ந்துகொண்டிருந்தன. கதிர் முற்றிய வயலின் மேல் காற்று வரிவரியாக ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள், அப்படி. விண்மீனின் பரப்பு பல துண்டுகளாகப் பிரிந்து, ஒன்று ஏறும்போது பக்கத்துத் துண்டு இறங்குகிறது. மொத்த வெளிச்சத்தில் இவை ஒன்றையொன்று அடித்துக்கொண்டு ஏறக்குறைய மறைந்துவிடும், கோட்டில் மறையாது. ஒரு புள்ளிக்கு மேல் எதையும் காட்டாத விண்மீனின் மேற்பரப்பில் அலை ஓடுவதைத் தரையில் நின்று பார்க்க முடிகிறது. இதைப் படித்த நாளில்தான் இந்த வேலையை விடக்கூடாது என்று முடிவெடுத்தேன். அப்படி முடிவெடுத்தவன்தான் பின்னால் இதைச் செய்தேன்.

எங்கள் விண்மீனில் டெஸ் பல வேகத் துடிப்புகளைக் காட்டியது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வரும் துடிப்பு அவற்றில் பெரியது. கூடவே, 18 மணி நேரத்துக்கு ஒருமுறை ஏறி இறங்கும் மெதுவான ஒன்றும் இருந்தது. இந்த மெதுவான துடிப்பு விண்மீனுடையது என்றால் அது பெரிய செய்தி. விண்மீனின் ஆழத்தில், நடுவயிற்றுக்குப் பக்கத்தில் ஓடும் அலைகள் அப்படித்தான் இருக்கும். காமா டொராடஸ் வகை விண்மீன்களில் அவற்றைப் பார்க்கிறோம். ஆனால் டெஸ் கேமராவில் ஒரு பிக்சல் 21 வினாடிக்கோணம். முழு நிலவின் குறுக்கே வைத்தாலும் ஏறக்குறைய 90 பிக்சல்தான் கொள்ளும். அவ்வளவு அகலமான கட்டத்துக்குள் பக்கத்து மங்கலான விண்மீனின் வெளிச்சமும் வந்து விழுந்திருக்கலாம். எது உண்மை என்பதை நிறமாலை தீர்க்க வேண்டும். விண்மீனின் பரப்பு நம்மை நோக்கி வரும் வேகமும் விலகும் வேகமும் அதே 18 மணிக் கணக்கில் மாறினால் அது அந்த விண்மீனின் துடிப்பு. இல்லையென்றால் இல்லை. வேறு வேறு நாடுகளிலிருந்து சிலர் சேர்ந்து எடுக்கத் திட்டமிட்டார்கள். இங்கே எனக்கு மூன்று இரவுகள் கிடைத்தன.

முதல் இரவு மேகம். இரண்டாம் இரவு ஒழுங்காக எடுத்தேன். மூன்றாம் இரவு வானம் துடைத்து வைத்ததுபோல் இருந்தது.

ஆர்க் என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். தோரியமும் ஆர்கானும் உள்ள ஒரு சிறு விளக்கு. அதை ஏற்றி நிறமாலை எடுத்தால் ஆயிரக்கணக்கான ஒளிக்கோடுகள் விழும். ஒவ்வொன்றின் அலைநீளமும் ஆய்வுக்கூடத்தில் அளந்து வைத்தது. விண்மீனின் கோடு எங்கே இருக்கிறது என்பதற்கு அதுதான் அளவுகோல். விடியற்காலையில் அறையின் சூடு ஒன்றிரண்டு டிகிரி இறங்கினால் கருவி சுருங்கும். நிறமாலை கேமராவின் சில்லின் மேல் அரைப் பிக்சல் நகர்ந்துவிடும். அரைப் பிக்சல் என்றால் எங்கள் கருவியில் நொடிக்கு ஒரு கிலோமீட்டர். அந்த விண்மீனின் பெரிய துடிப்பே நொடிக்கு இரண்டு கிலோமீட்டர்தான். அதனால் ஐந்து ஃப்ரேமுக்கு ஒரு ஆர்க் என்பது விதி. இந்த விதியை நானே இரண்டு மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தேன்.

இரண்டே கால் மணிக்கு முன்னால் ஒரு ஆர்க் எடுத்துவிட்டு, பத்து நிமிட எக்ஸ்போஷர் 17 வரிசையாகப் போகும்படி போட்டேன். ஐந்து முடிந்ததும் நிறுத்தி ஆர்க் எடுக்கலாம் என்பது எண்ணம். கன்ட்ரோல் ரூமின் ஓரத்தில் பெஞ்சு ஒன்று கிடந்தது. போர்வையை இழுத்துக்கொண்டு சாய்ந்தேன். நைட் அசிஸ்டென்ட் அண்ணன் தோளைத் தொட்டபோது ஐந்தரை ஆகிக்கொண்டிருந்தது. அவர் விழித்திருந்து விண்மீனை ஒளியிழையின் முனையில் சரியாக வைத்திருந்தார். 17 ஃப்ரேமும் வந்து விழுந்திருந்தன. ஒரு ஆர்க்கும் இல்லை.

"சார், ஆர்க் எடுத்தாச்சுங்களா? நைட்ரஜன் ஊத்திரலாமா?"

சில்லைக் குளிராக வைக்கத் திரவ நைட்ரஜன் ஊற்றும் நேரம் அது. ஊற்றினால் எடை மாறும், இருப்பு மாறும். அதற்குப் பின் எடுக்கும் ஆர்க் அந்த இரவுக்குச் செல்லாது. "இல்லண்ணே, அஞ்சு நிமிஷம்" என்று சொல்லியிருந்தால் போதும். கடைசி ஆர்க் ஒன்றாவது கையில் இருந்திருக்கும். தொடக்கத்துக்கும் முடிவுக்கும் நடுவே கோடு போட்டு ஓரளவு சரிசெய்திருக்கலாம். அவர் கையில் குடுவையோடு நின்றார். நான் தூங்கிவிட்டேன் என்பது அவருக்குத் தெரியும், என்னை எழுப்பியதே அவர்தான். தெரிந்தவரிடமே அந்தப் பொய்யைச் சொன்னேன். அவர் ஒரு விநாடி என் முகத்தைப் பார்த்தார். பிறகு ஊற்றினார். குடுவையின் வாயிலிருந்து வெண்புகை தரையில் இறங்கி என் காலடி வரை வந்தது.

தூங்கியதற்காக இதை எழுதவில்லை. மலையில் தூங்காதவர் யாரும் கிடையாது. அன்றைய குறிப்பேட்டில் "இடையில் ஆர்க் இல்லை" என்று ஒரு வரி எழுதியிருந்தால், அந்த இரவின் மதிப்பைக் குறைத்துக் கணக்கில் எடுத்திருப்பார்கள். அதோடு முடிந்திருக்கும். எனக்கு அது போதவில்லை. மற்ற நாடுகளில் பலருக்கு மேகம், என்னுடைய இரவுதான் அந்தத் திட்டத்தின் நல்ல இரவு என்று எனக்குத் தெரிந்திருந்தது. அந்தப் பெயர் எனக்கு வேண்டியிருந்தது.

அதனால் முதல் ஆர்க் ஃபைலை நான்கு முறை நகலெடுத்தேன். ஹெட்டரில் நேரத்தை மாற்றினேன். இடையில் எண் இல்லாததால் விண்மீன் ஃப்ரேம்களின் எண்களையும் தள்ளிப்போட்டேன். ஃப்ரேமுக்கும் ஃப்ரேமுக்கும் நடுவே இருந்ததோ ஏறக்குறைய ஒரு நிமிடம். அதற்குள் விளக்கேற்றி, எடுத்து, வாசித்து முடிக்கவே முடியாது. நேரத்தைக் கூட்டிப் பார்த்தால் யாரும் கண்டுபிடித்துவிடலாம், ஆனால் யார் கூட்டிப் பார்ப்பார்கள் என்று நினைத்தேன். குறிப்பேட்டிலும் நான்கு வரி எழுதினேன். என் கையெழுத்து அன்றைக்கு வழக்கத்தைவிட அழகாக இருந்தது.

விண்மீன் ஃப்ரேம்களின் நேரத்தில் நான் கை வைக்கவில்லை. அதைச் சொல்வது என்னை நல்லவனாகக் காட்ட அல்ல. அந்தப் பதினேழும் இன்று பயன்படுவது அதனால்தான் என்பதால் சொல்கிறேன்.

அடுத்த ஆண்டு அந்தப் பெண் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தாள். எல்லோரும் என்னை சார் என்பார்கள், அவள் மட்டும் முதல் வாரத்திலிருந்தே அண்ணா என்றாள். இந்த விண்மீன் அவள் ஆய்வேட்டின் ஓர் இயலாக ஆனது. நாங்கள் எடுக்கும் வேகத்தில் பூமி சூரியனைச் சுற்றும் நொடிக்கு 30 கிலோமீட்டரைக் கழிக்க வேண்டும். பூமி தன்னைத்தானே சுற்றும் அரை கிலோமீட்டருக்கும் குறைவான வேகத்தைக்கூட விடாமல் கழிக்க வேண்டும். அவள் இதையெல்லாம் மூன்று முறை சரிபார்ப்பாள். அந்தக் கணக்குக்குள் நான் ஒளித்து வைத்திருந்தது ஒரு கிலோமீட்டர். 18 மணித் துடிப்பை வைத்துப் பார்த்தபோது என் மூன்றாம் இரவின் சரிவு அதில் அழகாகப் போய் உட்கார்ந்தது. "அண்ணா, மெதுவான துடிப்பு நிறமாலையிலும் தெரியுது!" என்று ஓடிவந்து சொன்னாள். நல்லா வந்திருக்கும்மா என்றேன்.

ஒரு மாலை, மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். இரண்டு ஆர்க் ஃப்ரேம்களைப் பக்கம் பக்கமாகப் பெரிதாக்கி வைத்திருந்தாள். இரண்டிலும் ஒளிக்கோடுகளுக்கு நடுவே, சாய்வாக, ஏழு பிக்சல் நீளத்துக்கு ஒரு வெள்ளைக் கீற்று. நகம் கீறியதைப் போல இருந்தது. விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர் சில்லைத் துளைத்துப் போன தடம் அது. எந்த ஃப்ரேமிலும் இருக்கும். ஆனால் இரண்டு ஃப்ரேமில் ஒரே இடத்தில், ஒரே சாய்வில், ஒரே நீளத்தில் விழாது. நான் பயந்துகொண்டிருந்தது கோடுகளைப் பற்றித்தான். இந்தக் கீற்று ஐந்து ஃபைலிலும் இருக்கும் என்று நான் நினைத்தே பார்க்கவில்லை.

"அண்ணா, ரெண்டு மணி நேரம் வித்தியாசம். ரெண்டுலயும் இது எப்படி அதே இடத்துல இருக்கு?"

"ஹாட் பிக்சலா இருக்கும்மா."

ஹாட் பிக்சல் என்பது சில்லில் பழுதான ஒற்றைப் புள்ளி. ஏழு பிக்சல் சாய்வாக நீளாது. அப்படியே நீண்டாலும் விண்மீன் ஃப்ரேம்களிலும் அதே இடத்தில் இருக்க வேண்டும். ஒரு சொடுக்கில் அவள் பார்த்திருக்கலாம். நான் சொல்லிவிட்டதால் அவள் பார்க்கவில்லை. "ஓ, சரிண்ணா" என்று மூடிவிட்டுப் போனாள். அந்த ஜனவரி விடியலைவிட இந்த மாலைதான் எனக்கு அதிகம் உறுத்துகிறது. அன்றைக்குத் தூக்கக் கலக்கம் என்று சொல்லிக்கொள்ளலாம். இந்த மாலையில் முழு விழிப்போடு இருந்தேன். அவள் சரியான கேள்வியோடு வந்திருந்தாள். அந்தக் கேள்வி தவறு என்று அவளை நம்பவைத்தேன்.

கட்டுரையை அனுப்பினாள். மதிப்பீட்டாளர் ஒருவர், காற்றுமண்டலத்தின் ஆக்சிஜன் கோடுகளை வைத்து ஒரு முறை சரிபார்க்கச் சொன்னார். இது பழைய, நேர்மையான உத்தி. கேம்பிரிட்ஜின் ரோஜர் கிரிஃபின் 1973-இலேயே இதை எழுதியிருக்கிறார். விண்மீனின் ஒளி நம் காற்றைக் கடந்துதான் வருகிறது. வரும் வழியில் ஆக்சிஜன் தன் கோடுகளைப் பதித்துவிடும். விண்மீன் துடித்தாலும் காற்று இங்கேயேதான் இருக்கிறது, அதனால் அந்தக் கோடுகள் ஏறக்குறைய அசையாதவை. அவள் அளந்தாள். என் மூன்றாம் இரவில் ஆக்சிஜன் கோடுகள் மெல்ல மெல்ல அரைப் பிக்சல் நகர்ந்திருந்தன. கருவி நகர்ந்திருக்கிறது. ஆனால் ஐந்து ஆர்க்கும் கருவி மயிரிழைகூட அசையவில்லை என்றன.

யாராக இருந்தாலும் ஆர்க்கைச் சந்தேகப்பட்டிருப்பார்கள். அவள் தன்னைச் சந்தேகப்பட்டாள். தன் நிரலில்தான் பிழை என்று முடிவுகட்டி முதலிலிருந்து எழுதினாள். மறுபடி எழுதினாள். ஐந்து மாதம். இரவு பத்து மணிக்கு ஆய்வகத்தைத் தாண்டிப் போகும்போது அவள் அறையில் விளக்கு எரியும். குழுக் கூட்டத்தில் அவளுடைய வழிகாட்டி என்னைப் பார்த்து, "நீங்கதானே எடுத்தீங்க, ஏதாவது தோணுதா?" என்று கேட்டபோது, ஒளியிழையில் ஏதாவது இருந்திருக்கும் என்றேன். மூன்றாவது பொய். கடைசியில் அந்த இயலையே எடுத்துவிட்டாள். ஆய்வேட்டின் நன்றியுரையில், இரவெல்லாம் கண்விழித்துத் தரவு எடுத்துக் கொடுத்தவன் என்று என்னைப் பற்றி ஒரு வரி இருக்கிறது.

அந்த நாட்களில் பெலோபோல்ஸ்கியை நிறைய நினைத்தேன். டெல்டா செபெய் என்ற விண்மீன் ஐந்து நாள் ஒன்பது மணிக்கு ஒருமுறை மங்கிப் பிரகாசிப்பதை 1784-இல் ஜான் குட்ரிக் கண்டார். காது கேளாத இளைஞர், 21 வயதில் இறந்துபோனவர். நூறாண்டுக்கு மேல் கழித்து 1894-இல், ரஷ்யாவின் புல்கோவோவில் அரிஸ்டார்க் பெலோபோல்ஸ்கி அதன் நிறமாலையை எடுத்து, அது நம்மை நோக்கியும் விலகியும் போவதை அளந்தார். அவர் அதை ஜோடி விண்மீன் என்று நினைத்தார். தவறு. ஆனால் அளவுகளை உள்ளது உள்ளபடி வைத்தார். ஜோடி என்றால் கிரகண நேரம் பொருந்த வேண்டும், பொருந்தவில்லை என்பதும் அந்த அளவுகளிலேயே இருந்தது. 1914-இல் ஹார்லோ ஷேப்லி, இவை ஜோடிகள் அல்ல, ஒற்றை விண்மீனின் துடிப்பு என்று வாதிட முடிந்ததற்கு இப்படி எடுத்து வைத்த அளவுகளே ஆதாரம். தப்பாக நினைத்தவரின் சரியான அளவு 20 ஆண்டு கழித்து இன்னொருவருக்கு உதவியது. என் நான்கு ஃபைலிலிருந்து யாருக்கு என்ன கிடைக்கும்? அந்தப் பெண் எவ்வளவு கெட்டிக்காரியாக இருந்தாலும், எவ்வளவு உழைத்தாலும், அவற்றிலிருந்து சரியான இடத்துக்குப் போய்ச் சேர வழியே இல்லை. வழியை நான் அடைத்து வைத்திருந்தேன்.

அவள் பட்டம் வாங்கி வெளிநாட்டுக்குப் போன பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் செய்து சொன்னேன். எழுதிவைத்துக்கொண்டுதான் பேசினேன். தூங்கியது, நைட்ரஜன், நகல், எண் மாற்றியது எல்லாம். மறுமுனையில் நெடுநேரம் சத்தமில்லை. பிறகு அவள் கேட்டது, "எந்தெந்த ஃபைல்? நம்பர் சொல்லுங்க."

நான்கு எண்களையும் சொன்னேன். ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்துக் குறித்துக்கொண்டாள். அந்த விடியலைப் பற்றி அவள் ஒன்றுமே கேட்கவில்லை. "அன்னைக்கு நான் ரெண்டு ஃப்ரேமையும் எடுத்துட்டு வந்து காட்டினேனே. ஏன் ஹாட் பிக்சல்னு சொன்னீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

"நீ நம்புவேன்னு தெரியும்மா. அதான்."

"சரி" என்றாள். வைத்துவிட்டாள்.

மறுநாள் அவளுடைய வழிகாட்டியிடம் நேரில் சொன்னேன். திட்டத்தில் இருந்த எல்லோருக்கும், தரவைச் சேமித்து வைத்திருப்பவர்களுக்கும் ஃபைல் எண்களோடு கடிதம் எழுதினேன். குறிப்பேட்டில் அந்த நான்கு வரிகளையும் கோடிட்டு அடித்து, பக்கத்தில் காரணமும் தேதியும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நைட் அசிஸ்டென்ட் அண்ணன் ஓய்வுபெற்றுவிட்டார். அவர் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். "தெரியும் சார்" என்றார்.

போன மாதம் அவளிடமிருந்து ஒரு வரைபடம் வந்தது. பதினேழு ஃப்ரேமையும் ஆக்சிஜன் கோடுகளை வைத்து மறுபடி அளந்திருக்கிறாள். இரண்டு மணித் துடிப்பு பளிச்சென்று இருக்கிறது. 18 மணித் துடிப்பு நிறமாலையில் இல்லை. டெஸ் பிக்சல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்ததில் அது பக்கத்தில் இருக்கும் ஒரு மங்கலான விண்மீனுடையது என்று தெரிந்திருக்கிறது. மூன்று வரிதான் எழுதியிருந்தாள். என்னை சார் என்று எழுதியிருந்தாள்.